இரண்டாவது துப்பாக்கி

நெடுந்தூர ரயில் பிரயாணம் புறப்படும் நம்மவர்கள் ஒரு முன்யோசனை செய்வதுண்டு. கையிலுள்ள பணத்தை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கமாட்டார்கள். கொஞ்சம் மணிபர்ஸில் இருக்கும். கொஞ்சம் பெட்டியின் அடியில், வேஷ்டி மடிப்புக்குள் இருக்கும். வீட்டுப் பாட்டியோ ஒரு நோட்டை எட்டாய் மடித்து, இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பாள். ஜேப்படிக்காரன் மணிபர்ஸை அடித்துக்கொண்டு போனாலும் ஊர் போய்ச் சேரலாம் என்ற தைரியமே இதற்குக் காரணம். இந்த யுக்தியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு தடவை பர்ஸைப் பறிகொடுத்தவர்கள் சிரிப்பதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதே யுக்தியை வேறொரு சாமான் விஷயத்தில் கையாளுகிறார்கள். அந்தச் சாமான் கைத்துப்பாக்கி. இடுப்பில், சட்டையின் மறைவில், ஒரு துப்பாக்கி இருக்கும். அது சமயத்தில் உதவாமற் போய்விட்டால் என்ன செய்வது? அதற்காகக் கணுக்காலில், கால்சட்டையின் மறைவில், சின்னதாக இன்னொன்று. இரண்டும் வெளிப் பார்வைக்குத் தெரியா. இந்த இரண்டாவதற்கு அந்த ஊரில் 'பாக்கப்' துப்பாக்கி என்று பெயர். நாம் அதைத் துணைத் துப்பாக்கி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி இரட்டை ஆயுதபாணிகளாய்த் திரிபவர்கள் போலீஸார் மட்டும் அல்ல. கடை கண்ணிக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிற சாதாரணக் குடும்பஸ்தர்களிலும் இருக்கிறார்கள்.

"ஒரு துப்பாக்கியே அதிகம், இதில் இரண்டா?" என்று நேயர்கள் கேட்கலாம். பைத்தியக்காரத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபந்தான். ஆனால் அது நியாயமாகாது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உயிரைப் பறிகொடுத்தவர்களின் அநுபவமும் இருக்கிறது. அந்தக் கணக்கு யாருக்குச் சரி, யாருக்குப் பிசகு என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒற்றைக் குண்டுக் காலம்

துணைத் துப்பாக்கி புதிய விஷயம் அல்ல. துப்பாக்கி தோன்றிய நாளிலிருந்தே அதன் துணையும் தோன்றிவிட்டது. பழைய காலத்துக் கைத்துப்பாக்கியில் ஒரு முறைக்கு ஒரு குண்டுதான். சுட்டு முடித்ததும் மறுபடி மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அதற்குள் எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? போதாக்குறைக்கு, மருந்து ஈரமாகியிருந்தால் அந்த ஒரு குண்டும் வெடிக்காது. ஆகையால் அக்காலத்தவர்கள் துப்பாக்கிகளை ஜோடி ஜோடியாகவே வைத்துக்கொண்டார்கள். 1718-ம் வருஷம் கொல்லப்பட்ட 'கருந்தாடி' என்னும் கடற்கொள்ளைக்காரன் தோள் பட்டையில் மூன்று ஜோடித் துப்பாக்கிகளைத் தொங்கவிட்டிருந்ததாக, அவன் இறந்து ஆறு வருஷத்துக்குப் பின் வெளிவந்த புத்தகம் ஒன்று வர்ணிக்கிறது.

பின்னர் பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிஞ்சர் என்பவர் உள்ளங்கையில் அடங்கும் குட்டித் துப்பாக்கிகளைச் செய்து புகழ் பெற்றார். சட்டைப் பையிலே மறைத்து வைக்க அவை மிகவும் சௌகரியம். ஆனால் குண்டு ஒன்றுதான். 1865-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி இரவு, வாஷிங்டனில் போர்டு நாடகக் கொட்டகையில் ஜனாதிபதி லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் கையில் வைத்திருந்தது இப்படிப்பட்ட ஒரு டெரிஞ்சரே. அந்தப் பாதகனும் ஒரு குண்டோடு காரியம் முடிந்துவிடும் என்று நம்பவில்லை. மறு கைக்கு ஒரு கத்தி கொண்டு வந்திருந்தான். தன்னைப் பிடிக்க எழுந்த மேஜர் ராத்போனை அந்தக் கத்தியால் வெட்டிவிட்டுத்தான் மேடையில் குதித்து ஓடினான்.

சாமுவேல் கோல்ட் 1836-ம் வருஷம் அமெரிக்காவில் பேடண்டு பெற்ற சுழல் துப்பாக்கி, அதாவது ரிவால்வர், இந்த ஒற்றைக் குண்டுச் சங்கடத்தைத் தீர்க்க வழி செய்தது. ஐந்து, ஆறு குண்டுகளை வரிசையாகச் சுடலாம். ஆனால் ஆறும் தீர்ந்தபின்? மறுபடி பழைய கதைதான். காலி தோட்டாக்களை உதறி, புதியவற்றை ஒவ்வொன்றாய்ச் செருகுவதற்கு நடுங்கும் கைகளுக்கு எத்தனை நேரம் ஆகும் என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள். ஆகவே ஆறு குண்டு ரிவால்வரோடு ரோந்து சுற்றிய நியூயார்க் போலீஸாரில் பலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். தோட்டாக்களை மாற்றுவானேன்? துப்பாக்கியையே மாற்றிவிட்டால் என்ன? முதல் ரிவால்வர் காலியானதும் இரண்டாவதை உருவினால் வேலை முடிந்தது. துப்பாக்கிக்காரர்கள் பாஷையில் இதற்கு இன்றைக்கும் 'நியூயார்க் ரீலோட்' என்றுதான் பெயர்.

உயிர் கற்பித்த பாடங்கள்

தோட்டா தீர்ந்து போவது ஒரு காரணந்தான். வேறு காரணங்களும் உண்டு. தானியங்கிப் பிஸ்டலில் சில சமயம் தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும். கட்டிப் புரளும்போது எதிரி துப்பாக்கியைப் பறித்துக்கொள்ளக்கூடும். வலது கையில் காயம் பட்டால் வலது இடுப்பிலுள்ள துப்பாக்கி இருந்தும் இல்லாததுதான். இடது கைக்கு எட்டும் இடத்தில் இன்னொன்று இருந்தால் பிழைக்கலாம். மோட்டாரில் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பு உறைக்குள் கை நுழைவது கடினம். கணுக்கால் உறையோ எளிதில் எட்டும். இவை வெறும் ஊகங்கள் அல்ல.

1963-ம் வருஷம் மார்ச் மாதம் 9-ந் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் இயான் காம்ப்பெல், கார்ல் ஹெட்டிங்கர் என்ற இரண்டு போலீஸ்காரர்கள் சந்தேகத்தின் பேரில் ஒரு மோட்டாரை நிறுத்தினார்கள். அதில் இருந்த ஒருவன் காம்ப்பெல்லின் மேல் துப்பாக்கியை வைத்துவிட்டான். சிநேகிதனின் உயிரைக் காப்பதற்காக ஹெட்டிங்கர் தம் துப்பாக்கியைக் கொடுத்தார். வேறு துப்பாக்கி அவர்களிடம் இல்லை. இருவரையும் தொலைவிலுள்ள ஒரு வெங்காய வயலுக்குக் கொண்டு போனார்கள் அந்தப் பாதகர்கள். காம்ப்பெல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஹெட்டிங்கர் இருட்டில் ஓடித் தப்பினார். ஆனால் மனத்தை அரித்த வேதனையிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை. எந்த நிலைமையிலும் ஆயுதத்தை ஒப்படைக்கலாகாது என்று லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் இலாகா அதன் பிறகு உத்தரவு போட்டது. 'ஒன்றைக் கொடுத்தாலும் இன்னொன்று மறைவில் இருக்கட்டும்' என்ற எண்ணம் போலீஸார் மனத்தில் வேர் விட இத்தகைய சம்பவமே போதாதா?

1986-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி காலை மயாமி நகரையடுத்து நடந்த சம்பவம் இதைக் காட்டிலும் பயங்கரமானது. வில்லியம் மேடிக்ஸ், மைக்கேல் பிளாட் என்ற இரண்டு கொள்ளைக்காரர்களை எப்.பி.ஐ. உத்தியோகஸ்தர்கள் எட்டுப் பேர் மோட்டார்களால் மோதி மடக்கினார்கள். மோதிய அதிர்ச்சியிலே இரண்டு உத்தியோகஸ்தர்களின் துப்பாக்கிகள் கைக்கு எட்டாமல் போய்விட்டன. அவர்களில் ஜான் ஹான்லன் என்பவரிடம் கணுக்காலில் ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்று இருந்தது. அதை உருவிக்கொண்டு அவர் சண்டையில் கலந்துகொண்டார். மற்றவரிடம் துணைத் துப்பாக்கி இல்லை, வெறுங்கையுடன் நின்றார். ஜெர்ரி டவ் என்பவரின் பிஸ்டலிலோ எதிரியின் குண்டு ஒன்று பாய்ந்து அதைச் செயலற்றதாக்கிவிட்டது. துப்பாக்கியைத் துப்பாக்கிக் குண்டே ஊமையாக்கிய விபரீதம் அது!

ஐந்து நிமிஷத்துக்குள் சுமார் 145 குண்டுகள் பறந்தன. ஜெர்ரி டவ்வும் பெஞ்சமின் குரோகனும் உயிர் துறந்தார்கள். ஐந்து உத்தியோகஸ்தர்கள் காயமடைந்தார்கள். கடைசியில், இடது முன்கை எலும்பு நொறுங்கிப் போன எட்முண்டோ மிரெலஸ் என்பவர் ஒற்றைக் கையால் நீளத் துப்பாக்கியை இயக்கிச் சுட்டார். அதில் குண்டு தீர்ந்ததும் தம் ரிவால்வரை உருவிக்கொண்டு தள்ளாடி முன்னேறி, இரண்டு கொள்ளைக்காரர்களையும் வீழ்த்தினார்.

இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு, போலீஸ்காரர் ஒருவர் கணுக்காலில் இரண்டாவது துப்பாக்கி கட்டுவதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வராது. அவர் ஆபத்தை நோக்கி நடந்து போகும்படி உத்தரவு பெற்றவர். திரும்பி ஓட அவருக்கு உரிமை இல்லை.

ஆயினும் போலீஸார் கையிலுங்கூட இந்த இரண்டாவது ஆயுதத்துக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. நிராயுதபாணியைச் சுட்டுவிட்டு, மறைத்து வைத்திருந்த வேறொரு துப்பாக்கியை அவன் பக்கத்திலே போட்டு, 'இவன்தான் முதலில் துப்பாக்கியைத் தூக்கினான்' என்று சாதிக்கும் அக்கிரமத்தைப் பற்றி அமெரிக்காவில் வெகு காலமாகவே புகார் உண்டு. 2018-ம் வருஷம் பால்ட்டிமோர் நகரத்துப் போலீஸ் பிரிவொன்றின் மேல் நடந்த வழக்கில், இப்படிச் சமாளிப்பதற்கென்றே பொம்மைத் துப்பாக்கிகளைக் கூட வைத்திருந்ததாக அப்பிரிவைச் சேர்ந்த ஒருவரே சாட்சி சொன்னார். கணக்கில் இல்லாத ஆயுதம் எவ்வளவு நல்லவர் இடுப்பில் இருந்தாலும் ஊருக்கு நல்லது அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சட்டம் வந்த வழி

போலீஸ்காரரின் கணுக்காலிலிருந்து குடும்பஸ்தரின் கணுக்காலுக்கு இந்தத் துப்பாக்கி எப்படி வந்து சேர்ந்தது? அதைத் தெரிந்துகொள்ள அந்நாட்டுச் சட்டத்தைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

ஆயுதம் வைத்துக்கொள்ளவும் தாங்கவும் ஜனங்களுக்குள்ள உரிமை 1791-ம் வருஷமே அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தமாகப் புகுந்துவிட்டது. சர்க்காரின் நிரந்தரப் படையைக் கண்டு அஞ்சிய ஜனங்கள், ஊர்க்காவல் படைகளை நம்பி வாழ்ந்த காலம் அது. ஆனால் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதை அக்காலத்தவர்கள் கௌரவமாக நினைக்கவில்லை. ஆண்பிள்ளையானால் ஆயுதத்தை வெளியில் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒளித்து வைப்பவன் கொலைக்குத் துணிந்த கோழை என்பது அன்றைய அபிப்பிராயம். 1813-ம் வருஷத்திலேயே கென்டக்கி, லூயிஸியானா என்ற இரண்டு மாகாணங்கள் மறைவு ஆயுதத்தைத் தடுத்துச் சட்டம் செய்தன. நியூயார்க் மாகாணம் 1911-ம் வருஷம் சல்லிவன் சட்டத்தின் மூலம் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது.

காலச் சக்கரம் சுழன்றது. கைத்துப்பாக்கியை வீட்டில் தற்காப்புக்காக வைத்திருப்பது தனி மனிதனின் உரிமை என்று 2008-ம் வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. தக்க காரணம் காட்டினாலன்றி வெளியே மறைத்து எடுத்துப் போக லைசென்ஸ் கிடையாது என்ற நியூயார்க் மாகாணத்து ஏற்பாட்டை, 2022-ம் வருஷம் ஜூன் மாதம் அதே நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. 2024-ம் வருஷ முடிவில் 29 மாகாணங்களில், பெரும்பாலான வயது வந்தவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற நிலைமை ஏற்பட்டிருந்தது. 1813-ல் தடை போட்ட லூயிஸியானாவும் 2024-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, அந்த 29-வது மாகாணமாக வந்து சேர்ந்தது. கென்டக்கி அதற்கு ஐந்து வருஷம் முன்பே சேர்ந்துவிட்டது. முதலில் கதவைச் சாத்திய இரண்டு வீட்டாரும் இப்போது கதவையே கழற்றி வைத்துவிட்டார்கள்!

ஒன்றை மறைத்து எடுத்துப் போகலாம் என்றால் இரண்டை எடுத்துப் போகலாமா? பெரும்பாலான மாகாணங்கள் எண்ணிக்கை கேட்பதில்லை. நியூ மெக்ஸிகோ மாகாணமோ, லைசென்ஸ்காரர் ஒரு சமயத்தில் ஒரு துப்பாக்கியையே மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று விதித்திருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. 2008-ம் வருஷம் ரூகர் கம்பெனி வெளியிட்ட ஒரு சிறு பிஸ்டல், தோட்டா போடாத நிலையில் சுமார் 270 கிராம் நிறைதான். நம் பாட்டிமார் காலத்து நிறுவையில் ஒரு சேருக்கும் குறைவு! கால்சட்டைப் பையில் போட்டால் மூக்குக்கண்ணாடிக் கூடு போலக் கிடக்கும். சுமை குறையக் குறைய, 'இன்னொன்றையும் வைத்துக்கொண்டால் என்ன?' என்ற ஆசையும் வளருவது இயல்புதானே?

நம் தேசத்து நிலைமை இதற்கு நேர் விரோதமானது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தினால் அந்நிய சர்க்கார் நம் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கியதைப் பெரியவர்கள் மனக்கசப்புடன் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சுதந்திரம் பெற்ற பிறகும், 1959-ம் வருஷத்துச் சட்டப்படி துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற ஏற்பாட்டை நாம் வைத்துக்கொண்டோம். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ம் வருஷத்தில் இரண்டாகக் குறைத்தோம். அவர்கள் உரிமை என்று தொடங்கி விலக்குகளை விவாதிக்கிறார்கள். நாம் அநுமதி என்று தொடங்கிக் காரணத்தைக் கேட்கிறோம். ஆகையால் அமெரிக்கக் குடும்பஸ்தரைப் பார்த்து, 'உமக்கு ஏன் துப்பாக்கி?' என்று நாம் கேட்டால் அந்தக் கேள்வியே அவருக்கு விளங்காது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'இந்த இரண்டாவது துப்பாக்கி உமது அபாயத்தைக் குறைக்கிறதா?'

கணக்கில் ஒரு பிசகு

துணைத் துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் கணக்கு இது. ஒரு துப்பாக்கி நூற்றில் ஒரு முறை தவறும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து தவறுவது பதினாயிரத்தில் ஒரு முறைதான். பார்ப்பதற்குக் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் பையனும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இதில் உண்டு: இரண்டும் தனித்தனியாகத் தவறினால் அல்லவா இந்தக் கணக்குப் பொருந்தும்?

இரண்டு துப்பாக்கிகளையும் எடுக்கவேண்டியவை அதே கைகள். எதிரி யார், வழிப்போக்கன் யார் என்று பார்க்கவேண்டியவை அதே கண்கள். சுடலாமா, கூடாதா என்று முடிவு செய்யவேண்டியது அதே புத்தி. அந்தப் புத்தி திகைத்து நின்றால் இரண்டு துப்பாக்கிகளும் ஒருங்கே தவறிவிடுகின்றன. பத்து துப்பாக்கிகள் இருந்தாலும் அப்படியே.

அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தில் 'வைல்டு பில்' ஹிக்காக் என்ற பிரசித்தி பெற்ற வீரர் ஒருவர் இருந்தார். தந்தப் பிடி போட்ட இரண்டு கோல்ட் ரிவால்வர்களுக்குப் பேர் போனவர். துப்பாக்கியை அவர் உருவும் வேகத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1876-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, டெட்வுட் என்னும் ஊரில் ஒரு சாராயக் கடையில் அவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஜாக் மக்கால் என்பவன் வந்து அவர் தலையில் சுட்டான். ஹிக்காக்கின் கை துப்பாக்கியை நாடவே இல்லை. அன்றைக்கு அவரிடம் குறைவாயிருந்தது துப்பாக்கி அல்ல. ஒரு விநாடி அவகாசந்தான்.

நியூயார்க்கில் கடைகளைக் கொள்ளையடிப்பவர்களைப் பதுங்கியிருந்து பிடிப்பதற்காக 1968-ம் வருஷம் ஒரு போலீஸ் பிரிவு ஏற்பட்டது. அதில் ஜிம் சிரில்லோ என்பவர் பல துப்பாக்கிச் சண்டைகளில் உயிர் தப்பியவர். ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வைத்துக்கொள்வதே அவர் வழக்கம். பிற்காலத்தில் இந்த வித்தையை அநேகருக்குக் கற்பித்தார். அவர் 2007-ம் வருஷம் காலமானார். ஒரு மோட்டார் விபத்தில்! நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாசல் வழியாகவே யமன் வருவான் என்று யார் நிச்சயம் சொல்ல முடியும்?

யமன் வரும் வாசல்

சாதாரண அமெரிக்கக் குடும்பத்துக்குத் துப்பாக்கியினால் வரும் யமன் எந்த வாசல் வழியாக வருகிறான்? இதற்கு அந்நாட்டுச் சர்க்கார் கணக்கே பதில் சொல்கிறது. 2021-ம் வருஷம் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். இவர்களில் கொலையுண்டவர்கள் 20,958. தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு மாண்டவர்களோ 26,328. அதாவது பாதிக்கு மேல் தற்கொலை. ஆகவே, இருட்டுச் சந்தில் ஒளிந்திருக்கும் திருடனைக் காட்டிலும், வீட்டிலே ஒருவருக்கு வந்து சேரும் ஒரு கெட்ட இரவே அதிக அபாயமாயிருக்கிறது. கலிபோர்னியா மாகாணத்தில் இரண்டு கோடியே அறுபது லட்சம் பேரைப் பன்னிரண்டு வருஷ காலம் கவனித்து 2020-ம் வருஷம் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, அது இல்லாத ஆண்களைப் போல் சுமார் எட்டு மடங்கு என்றும், பெண்கள் விஷயத்தில் இது சுமார் முப்பத்தைந்து மடங்கு என்றும் அதில் கண்டார்கள்.

"இதெல்லாம் முதல் துப்பாக்கியினால் வருவதுதானே? இரண்டாவதால் புதிதாக என்ன கூடிவிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் அந்த இரண்டாவதன் லட்சணத்திலேயே இருக்கிறது. முதல் துப்பாக்கி கனமானது. இடுப்பை உறுத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டத் தோன்றும். இரண்டாவதோ, உடலில் இருப்பதே தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. உடலுக்குத் தெரியாதது மனத்துக்கும் மறந்து போகிறது. கோட்டுப் பையில் தங்கிவிடுகிறது. மோட்டாரின் சிறு பெட்டியில் கிடந்து திருட்டுப் போகிறது. கைப்பையோடு கூடத்து நாற்காலியில் தொங்குகிறது. பயிற்சியின் போதும் முதல் துப்பாக்கிக்கே மரியாதை. சின்னது வருஷக் கணக்காகச் சுடப்படாமலே கிடக்கும். ஆபத்தில் கடைசி நம்பிக்கையாக வரவேண்டிய ஆயுதத்தோடு கைக்குப் பழக்கமே இல்லை என்றால் என்ன பயன்?

2014-ம் வருஷக் கடைசியில் ஐடஹோ மாகாணத்தில் ஓர் இளம் தாய் குழந்தைகளுடன் கடைக்குச் சென்றாள். அவளிடம் இருந்தது ஒரே துப்பாக்கிதான். அதுவும் துப்பாக்கிக்கென்றே தனி அறை தைத்த கைப்பையில் இருந்தது. அவள் லைசென்ஸ் பெற்றவள். கைப்பை தள்ளுவண்டியில் இருந்தது. பக்கத்திலே இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. தாய் ஒரு கணம் கவனிக்காதபோது குழந்தை பைக்குள் கையை விட்டது. விசை அழுந்தியது. தாய் அங்கேயே உயிரிழந்தாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? அலட்சியக்காரி என்று அவளைத் தூற்ற நமக்கு மனம் வரவில்லை. எந்தத் தாய்தான் நாள் முழுவதும், ஒரு கணமும் தவறாமல், ஒரு பையின் மேலேயே கண்ணை வைத்திருக்க முடியும்? ஒன்றுக்கே இந்தக் காவல் வேண்டுமானால், இரண்டுக்கு எவ்வளவு வேண்டும்?

இங்கேதான் நம் ரயில் பிரயாணிக்கும் அமெரிக்கக் குடும்பஸ்தருக்கும் உள்ள வித்தியாசம் புலப்படுகிறது. பணத்தை இரண்டு இடத்தில் வைத்தால் கவலை பாதியாகக் குறைகிறது. ஒன்று போனாலும் நஷ்டம் நம்மோடு போயிற்று. சுருக்குப் பையை யார் எடுத்தாலும் அதனால் ஓர் உயிர் போகப் போவதில்லை. துப்பாக்கியை இரண்டு இடத்தில் வைத்தாலோ கவலை இரட்டிக்கிறது. ஏனெனில் நாம் தவறவிட்ட துப்பாக்கி நம்மை விட்டுவிடலாம். குழந்தையையோ, அண்டை வீட்டுக்காரரையோ, முகம் தெரியாத ஒருவரையோ அது விடாது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. ஆபத்தைத் தேடிப் போவதையே கடமையாகக் கொண்டவர்கள், சர்க்கார் அறிய, கணக்கில் பதிந்து, இடைவிடாத பயிற்சியோடு இரண்டாவது துப்பாக்கி வைத்துக்கொள்ளட்டும். மயாமியில் அந்தக் காலை வேளையில் வெறுங்கையுடன் நின்றவரை நினைத்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் குடும்பஸ்தர் ஒருவர் கணுக்காலில் அதைக் கட்டு முன் ஒரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் துப்பாக்கி தராத நிம்மதியை இரண்டாவது தரும் என்று அவர் நம்புகிறார். இரண்டாவதும் தராவிட்டால், மூன்றாவதை எங்கே கட்டிக்கொள்வார்?

சுருக்குப் பையில் நோட்டை முடிந்த பாட்டி, ரயில் நகர்ந்த கால் மணி நேரத்திற்கெல்லாம் ஜன்னலில் தலையைச் சாய்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். இரண்டு துப்பாக்கி கட்டியவரோ தூங்க முடியாது. தூங்கவும் கூடாது.